4,250 ரூபாய்க்கு வந்த வேர்விட்ட இலைகள்: ஆன்லைனில் செடி கட்டிங் வாங்குபவர்கள் கவனிக்கவும்

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆன்லைனில் செடி விற்றவர்கள் இன்று காலைதான் என் நம்பரை பிளாக் செய்திருக்கிறார்கள்.

போட்டோவும் வீடியோவும் போடும் ஆப் ஒன்றில் செடி விற்கும் பக்கம் அது. 'தண்ணீரில் வேர்விட்ட கட்டிங், அப்படியே பாட்டிலில் வைத்தால் போதும்' என்பதுதான் அவர்கள் விளம்பரம். கட்டிங் என்றால் புதுச் செடி வளர்க்க வெட்டியெடுக்கும் துண்டு. பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். போனது 4,250 ரூபாய். வெள்ளைத் திட்டு மான்ஸ்டெரா 2,500, இதய வடிவ இலை ஹோயா இரண்டு 600, இளஞ்சிவப்பு இலை ஃபிலோடெண்ட்ரான் 950, கூரியருக்கு 200.

எங்கள் பக்கம் கோத்தகிரி. இங்கே கட்டிங்கை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "அக்கா, ஒரு குச்சி ஒடிச்சுக்கிறேன்" என்று கேட்டால் போதும், கூடவே நாலு குச்சி தருவார்கள். ஜெரேனியம், பிகோனியா, கோலியஸ் எல்லாம் எனக்கு அப்படி வந்ததுதான். ஜன்னலில் ஜாம் பாட்டில், காபித்தூள் பாட்டில் என்று வரிசையாக வைத்திருக்கிறேன். ஆனால் வெள்ளைத் திட்டு மான்ஸ்டெரா எந்த வேலியிலும் கிடைக்காதே. ரொம்ப நாள் ஆசை. ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசு. 4,250 ரூபாய்க்கு எத்தனை ஜாக்கெட் தைக்க வேண்டும் என்று தையல்காரர்களுக்குத் தெரியும்.

நம்ப வைத்த விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் இவர்கள் கெட்டிக்காரர்கள். நான் கேட்கும் முன்பே, "எந்த ஊர் அக்கா?" என்று கேட்டார்கள். சொன்னேன். உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "கோத்தகிரியா? அப்போ சாதா கட்டிங் வேணாம்க்கா. உங்க குளிருக்குத் தண்ணியில வேர் பிடிக்க ரொம்ப லேட்டாகும், அதுக்குள்ள அழுகிடும். நான் இங்கேயே வேர் விட வச்சு அனுப்புறேன்." சொன்னது உண்மை. கீழே சமவெளியில் இரண்டு வாரத்துக்குள் வேர் விடும் மணி பிளான்ட், இங்கே மார்கழி தையில் ஒரு மாதம் தாண்டியும் சும்மா நிற்கும். என் ஊர்க் குளிர் வரை யோசித்து, சாதா கட்டிங் வேண்டாம் என்று சொல்பவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத்தான் தோன்றும்? அப்புறம் ஒரு வீடியோ. கண்ணாடிப் பாட்டில், உள்ளே விரல் நீளத்துக்கு வெள்ளை வேர், மேலே பாதி வெள்ளை பாதி பச்சையாக அகல இலை. "இது உங்களுக்குன்னு எடுத்து வச்சதுக்கா." அன்றைக்கே ஜிபே செய்தேன்.

பார்சல் மேட்டுப்பாளையம் வழியாக வந்து, கூரியர் ஆபீசுக்குப் போய் வாங்கி வந்தேன். ஈரப்பாசி சுற்றி ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார்கள். இலையில் ஒரு கீறல் கிடையாது. வேர் நிஜ வேர். ஒட்டு வேலை இல்லை, நூல் கட்டியதில்லை. ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார்கள், போட்டேன்.

இலைகள் வாடவே இல்லை. வேர் இன்னும் நீண்டது. தண்ணீரை வாரம் தவறாமல் மாற்றினேன். மான்ஸ்டெராவிலும் ஹோயாவிலும் புது இலை மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டபோது, "குளிர்க்கா, பொறுங்க." அடுத்த தடவை, "தண்ணியில குளோரின் இருக்கும், ஒரு நாள் திறந்து வச்சு ஊத்துங்க." அதையும் செய்தேன். அதற்கடுத்து, "வெயில் பத்தாது." ஜன்னல் மாற்றினேன்.

எங்கள் பெரியப்பா எஸ்டேட் தேயிலை நாற்றங்காலில் வேலை பார்த்தவர். போன வாரம் வீட்டுக்கு வந்தவர், மான்ஸ்டெரா பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கணு எங்கம்மா இருக்கு?" என்றார். எனக்கு விளங்கவில்லை. பாசி சுற்றியிருந்த இடத்தைக் காட்டினார். "இது தண்டு இல்ல, வெறும் இலைக்காம்பு. தேயிலைக்குக் கட்டிங் எடுக்கும்போது என்ன பண்றோம்? ஒரு இலை, அந்த இலை இடுக்குல ஒரு மொட்டு, அதோட ஒரு துண்டுத் தண்டு. இலைதான் சோறு போடும், ஆனா செடி வர்றது அந்த மொட்டுல இருந்துதான். மொட்டு கண்ணு போயிருந்தா அந்தக் கட்டிங்கைத் தூக்கிப் போட்டுருவோம். உனக்கு அனுப்பினதுல மொட்டும் இல்ல, தண்டும் இல்ல."

விஷயம் அவ்வளவுதான். மான்ஸ்டெரா, மணி பிளான்ட், ஃபிலோடெண்ட்ரான், ஹோயா இதற்கெல்லாம் தண்டில் கணு, அதாவது இலை முளைக்கும் முடிச்சு, இருந்தால்தான் புதுத் தளிர் வரும். கணு இல்லாத இலையும் தண்ணீரில் வேர் விடலாம், மாதக்கணக்கில் பச்சையாகவும் நிற்கும். ஆனால் இலை இலையாகவேதான் இருக்கும். ஒரு இலை ஹோயா வருடக்கணக்கில்கூட அப்படியே நிற்குமாம். இலையிலிருந்தே குட்டி போடுகிற செடிகளும் உண்டு. பிகோனியா, ஸ்நேக் பிளான்ட், ஆப்பிரிக்கன் வயலட் அந்த ரகம். அதை வைத்துத்தான் எல்லா இலையும் செடியாகும் என்று விற்கிறார்கள்.

வந்த இலை அழுகிப் போயிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன். பச்சையாக நின்றதால்தான் அவர்கள் சொன்ன ஏழு நாள் ரிட்டர்ன் கெடு சத்தமில்லாமல் முடிந்தது. ஒரு தாய்ச்செடியில் தண்டைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, இலைகளை மட்டும் கிள்ளி ஒவ்வொன்றும் 2,500 என்று விற்கிறார்கள். செடி அவர்களிடமே இருக்கிறது!

ஃபிலோடெண்ட்ரானில் மட்டும் கணு இருந்தது. அதில் தளிர் வந்தது. பச்சைத் தளிர். அந்த இளஞ்சிவப்பு நர்சரியில் மருந்து கொடுத்து வரவழைக்கும் நிறம், சில மாதத்தில் தானாகப் போய்விடும் என்று இப்போது தெரிகிறது. 950 ரூபாய்.

மெசேஜ் போட்டேன். "கணு உள்ள மறைஞ்சிருக்கும்க்கா." போட்டோ எடுத்து அனுப்பினேன். "வேர் இருக்குல்ல? அப்போ உயிரோட இருக்கு. உயிரோட இருக்கிற செடிக்கு ரிட்டர்ன் இல்ல." செத்துப் போயிருந்தால்? "அது நீங்க பராமரிச்ச லட்சணம்." பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார்கள். அதுவும் இருந்தது, அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. அந்த ஆப்பில் புகார் கொடுத்தால், விற்பனை உங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் என்று ஒரு ரெடிமேட் பதில் வருகிறது. பேங்கில், "நீங்களே அனுப்பின பணம்தானே மேடம்" என்கிறார்கள். ஐந்து நட்சத்திரத்தை மாற்றி எழுதினேன். அழித்துவிட்டார்கள். அக்கா அக்கா என்ற வாய், கடைசியில் "வேலை இல்லாம உட்கார்ந்து டைப் பண்றீங்களா" என்று கேட்டது. அதன் பிறகு பிளாக். 4,250 ரூபாய் போய், பேச்சும் வாங்கியாயிற்று.

விரிவாக, எந்தச் செடியை எங்கே வெட்ட வேண்டும், எந்தப் பாட்டில் நல்லது என்றெல்லாம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனசில்லை. அவசரமாக இவ்வளவு மட்டும்:

வேர் போட்டோவைப் பார்த்து மயங்காதீர்கள். கணுவைக் காட்டச் சொல்லுங்கள், பாசியைப் பிரித்து, கிட்டத்தில். காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள்.

'ஒரு இலை கட்டிங்' என்று போட்டிருந்தால் கூடத் தண்டு வருமா என்று எழுத்தில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

முழு வெள்ளை இலைக்குப் பணம் கட்டாதீர்கள், பச்சையம் இல்லாமல் அது தானாகச் சாப்பிட முடியாது. மஞ்சள் விளிம்பு ஸ்நேக் பிளான்ட்டின் இலைத் துண்டும் வேண்டாம், குட்டிகள் வெறும் பச்சையாகத்தான் வரும்.

ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் பதிவு செய்துவிட்டேன். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. எங்கள் நீலகிரிக்கு ஊட்டியிலேயே இருக்கிறது. போகத்தான் போகிறேன்.

அந்தப் பக்கத்தில் இந்த வாரமும் அதே மான்ஸ்டெரா வீடியோ ஓடுகிறது, 'கடைசி இரண்டு பீஸ்' என்று. பணம் கட்டியவர்கள் இருந்தால் ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் பாசியைப் பிரித்துப் பாருங்கள்.