ரிக்கோ ஜிஆர் 3: லிஸ்பன் சுவர்களில் ஓர் ஓவியரின் அனுபவம்

வெளிநாடு போனால் கோபுரங்களையும் பாலங்களையும் நான் அதிகம் படமெடுப்பதில்லை. அவற்றை அஞ்சலட்டைக்காரர்களே நன்றாக எடுத்துவிடுகிறார்கள். வரைகிறவன் என்பதால், தூரிகை எங்கே அழுந்தியிருக்கிறது, நிறம் எங்கே கசிந்திருக்கிறது என்றுதான் கண் போகும். அந்த வேலைக்குச் சில ஆண்டுகளாகக் கூடவே வருவது ரிக்கோ ஜிஆர் 3. 2019இல் வந்த கேமரா. பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம்தான்.

இதை அதிகம் பயன்படுத்திய ஊர் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன். அங்கே வீடுகளின் வெளிச்சுவரிலேயே அசுலேஜு எனப்படும், நிறம் தீட்டி மெருகேற்றிய டைல்ஸ் பதித்திருப்பார்கள். எட்ட நின்றால் ஒரே மாதிரிதான் திரும்பத் திரும்பத் தெரியும். 19ஆம் நூற்றாண்டு முகப்புகளில் பல, ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய அச்சு) வைத்து நிறம் தீட்டியவை. கிட்டே போனால் ஓரத்தில் நீலம் கசிந்திருக்கும், ஒரு இதழில் மட்டும் தூரிகைத் தடம் நிற்கும். உடைந்த இடத்தில் பிற்காலத்தில் பதித்த டைலின் நீலம் கொஞ்சம் வேறாக இருக்கும். மிக அருகில் எடுப்பதற்கான மேக்ரோ முறையில் லென்ஸிலிருந்து 6 செ.மீ. வரை நெருங்கலாம். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (சிறு கேமராவுக்குப் பெரிய அளவு) என்பதால், வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் மெருகில் விழுந்த மயிரிழை விரிசல்கூடத் தெரிகிறது.

டைல்ஸில் பெரிய தொல்லை பளபளப்பு. வெளிச்சமான பகுதியை வைத்து ஒளியை அளக்கும் ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங் வைத்தால் வெள்ளை வெளிறிப் போகாது. இருண்ட பகுதியை டிஎன்ஜி கோப்பில் (சுருக்காத மூலப் படக் கோப்பு) பிறகு ஏற்றிக்கொள்ளலாம். நிழலில், நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸை மட்டும் நம்ப வேண்டாம். நான் வரையும் தாளில் ஒரு துண்டைச் சுவரோரம் பிடித்து ஒரு படம் எடுத்துவிடுவேன், அப்புறம் நிறத்தை அதை வைத்துச் சரிசெய்வேன்.

தேசிய அசுலேஜு அருங்காட்சியகம் இருப்பது 1509இல் நிறுவப்பட்ட மடத்தில். 1755 நிலநடுக்கத்துக்கு முந்தைய லிஸ்பனைக் காட்டும், சுமார் 23 மீட்டர் நீள டைல்ஸ் ஓவியம் அங்கே இருக்கிறது. முழுதாக எடுக்க முயலாமல் ஒவ்வொரு படகாக, ஒவ்வொரு ஜன்னலாக எடுங்கள். மங்கலான அறையில் மூன்று திசைக் கை நடுக்கத்தை ஈடுகட்டும் 3 அச்சு நடுக்கத் தடுப்பு நன்றாகக் கைகொடுக்கிறது. கேமராவில் ஃபிளாஷ் கிடையாது, அருங்காட்சியகத்தில் அது ஒரு குறையே இல்லை.

குறைகளும் உண்டு. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, உச்சி வெயிலில் திரை சரியாகத் தெரியாமல் குத்துமதிப்பாகத்தான் படத்தின் எல்லையை வைக்க வேண்டும். திரை மடங்காது; கையால் கல்லுடைத்துப் பதித்த நடைபாதையை எடுக்க முழங்கால் போட வேண்டியதுதான். பேட்டரிக்குச் சொல்லப்படும் கணக்கே சுமார் 200 படங்கள், எனவே இன்னொன்று பையில் இருக்கட்டும். மழைக்கும் தூசுக்கும் காப்பு இல்லை. மேல்மாடி வேலைப்பாடுகளுக்கு இது ஆகாது: ஜூம் இல்லாததால், படத்தின் நடுவை மட்டும் வெட்டியெடுக்கும் 50 மி.மீ. கிராப்பில் 7 மெகாபிக்சல்தான் மிஞ்சும்.

2021இல் 40 மி.மீ.க்கு இணையான லென்ஸோடு ஜிஆர் 3எக்ஸ் வந்தது. ஆட்களை எடுப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம். லிஸ்பனின் பழைய பகுதியான அல்ஃபாமாவின் சந்துகளில் பின்னால் நகர இடமே கிடைக்காது என்பதால், இன்னும் அகலமாகப் பிடிக்கும் ஜிஆர் 3இன் 28 மி.மீ.யை (அதுவும் இணையான அளவே) நான் விடவில்லை.