ஆடிஸியா, டிராக்கா, நாமே போடும் ஈக்யூவா? ஒரே ஹால், ஒரே சப்வூஃபர், மூன்று வழி

எங்கள் ஹால் 16க்கு 12 அடி, உயரம் 10 அடி. நாலு பக்கமும் பூசிய செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். டி.வி. 12 அடிச் சுவரில், சோபா எதிர்ச்சுவரோடு ஒட்டி. ஐந்து ஸ்பீக்கர் கொண்ட 5.1 செட், அவற்றை இயக்கும் டெனான் ரிசீவர், அடி ஒலியான பேஸுக்கென்றே ஒரே ஒரு சப்வூஃபர். பொருத்திக் கொடுக்க வந்த தம்பி, "மூலையில வெச்சாதான் சார் பேஸ் கும்முனு வரும்" என்று சப்பை இடது மூலையில் தள்ளிவிட்டுப் போனார். கும்மென்றுதான் வந்தது. வசனம்தான் அதற்குள் முங்கிப் போனது.

அறை ஒலியைக் கெடுப்பதை மைக்கால் அளந்து ஈடுகட்டுவதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, அதாவது ரூம் கரெக்‌ஷன். எந்த ரூம் கரெக்‌ஷன் என்று கேட்டால்தான் கட்சி பிரிகிறது. ரிசீவரோடு இலவசமாக வரும் ஆடிஸி ஒன்று. லைசென்ஸ் வாங்கி ஏற்றும் டிராக் லைவ் இரண்டு. தனியாக மைக் வாங்கி, ஆர்.இ.டபிள்யூ. என்கிற இலவச மென்பொருளில் அளந்து, நாமே ஃபில்டர், அதாவது குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்யூ, போடுவது மூன்று. மூன்றையும் இதே ஹாலில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசு இருந்தால் முதலில் மைக் வாங்குங்கள், லைசென்ஸைப் பிறகு பார்க்கலாம். ஏனென்று சொல்ல வேண்டுமானால் ஹாலில் இருந்து தொடங்க வேண்டும்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது சில அலைவரிசைகள் மட்டும் நின்று முழங்கும். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. அதனால் 570ஐ அறையின் நீளத்தால், அடியில், வகுத்தால் அந்த முதல் முழக்கம் கிடைத்துவிடும். 16 அடிக்கு 36 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 48, 10 அடி உயரத்துக்கு 57. அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் போர்டு சுவர் கொஞ்சம் அதிர்ந்து பேஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நம் செங்கல் சுவர் அப்படியே திருப்பி அனுப்பும். ஆகவே எந்த அலைவரிசை எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று அங்கிருந்து வரும் வீடியோக்களில் காட்டும் கிராஃபை விட நம் வீட்டு கிராஃப் மோசமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். இந்த அளவுள்ள ஹாலில் சுமார் 200 ஹெர்ட்ஸ் வரை அறையின் ராஜ்ஜியம். அதற்கு மேலே ஸ்பீக்கரின் ராஜ்ஜியம். மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது இந்தக் கோட்டை மறக்கக் கூடாது.

ஆடிஸி, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து 2002இல் பிறந்த நிறுவனம். மேல் மாடல் ரிசீவர்களில் எக்ஸ்.டி.32 என்ற வகை இருக்கும், எட்டு இடங்களில் மைக்கை வைத்து அளக்கலாம். அட்டையில் செய்த ஸ்டாண்டு கூடவே வருகிறது. அரை மணி நேர வேலை, லேப்டாப் வேண்டாம். வேறு எந்த வழியும் இவ்வளவு சுலபமில்லை.

சிக்கல், அது செய்ததை நமக்குக் காட்டாது. ரிசீவர் திரையில் வரும் கிராஃபை நம்பாதீர்கள், அது படம். இன்னொன்று, 2 கிலோஹெர்ட்ஸுக்கு அருகே வேண்டுமென்றே ஒரு சிறு பள்ளம் வைப்பது அதன் வடிவமைப்பு. அங்கே பல டூ-வே ஸ்பீக்கர்களில் கீழ் ஒலிக்கான வூஃபரிடமிருந்து மேல் ஒலிக்கான ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் என்ற கணக்கு. எல்லா ஸ்பீக்கருக்கும் அது பொருந்தாது. குரல் ஒரு அடி பின்னால் போன மாதிரி சிலருக்குக் கேட்கும். 20 டாலர் செயலியை போனில் வாங்கினால் அந்தப் பள்ளத்தை அணைக்கலாம். அதைவிட முக்கியம், எந்த அலைவரிசை வரை திருத்தலாம் என்று ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் வரம்பு போடலாம். நான் 250 ஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டேன். செயலி இல்லாத ஆடிஸியையும் செயலியோடு வரும் ஆடிஸியையும் இரண்டு வேறு பொருள்களாகத்தான் நான் பார்க்கிறேன்.

டிராக், சுவீடனின் உப்சாலாவில் 2001இல் தொடங்கிய நிறுவனம். பார்த்ததும் மனசைப் பறிப்பது அதன் திரை. ஒன்பது, பதின்மூன்று அல்லது பதினேழு இடங்களில் அளந்து முடித்ததும் ஒவ்வொரு ஸ்பீக்கரின் வளைவும் கண்முன்னே வரும். நமக்கு வேண்டிய வளைவை விரலால் இழுத்து வைக்கலாம். அளவை மட்டும் பார்க்காமல், எந்த ஒலி எப்போது காதை அடைகிறது என்பதையும் திருத்துகிறது. டெனானில் 500 ஹெர்ட்ஸ் வரையான லைசென்ஸ் 259 டாலர், முழு அலைவரிசைக்கு 349. ஒன்றுக்கு மேற்பட்ட சப்புகளை ஸ்பீக்கர்களோடு சேர்த்து ஒழுங்கு செய்யும் பேஸ் கன்ட்ரோலுக்குக் காசு தனி. சில ஆன்கியோ மாடல்களில் டிராக் விலைக்குள்ளேயே வந்துவிடுகிறது. புதிதாக ரிசீவர் வாங்கப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழிக்கு வேண்டியது யூமிக்-1 என்ற யு.எஸ்.பி. மைக். மினிடி.எஸ்.பி. என்ற ஹாங்காங் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வரிசை எண்ணுக்கான திருத்தக் கோப்பு தளத்தில் கிடைக்கும். மைக்கைக் கூரை பார்த்து நிறுத்தினால் 90 டிகிரி கோப்பு, ஸ்பீக்கர் பார்த்து நீட்டினால் 0 டிகிரி கோப்பு. இதைத் தவறவிட்டு, ட்வீட்டர் செத்துவிட்டதோ என்று பதறுபவர்கள் உண்டு. ஆர்.இ.டபிள்யூ.வை ஜான் மல்காஹி என்பவர் எழுதி இலவசமாகவே கொடுக்கிறார். லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவரில் மாட்டினால் போதும்.

முதல் நாள் சாயங்காலம் உட்கார்ந்தேன். அளப்பதற்காக ஓடவிடும் ஸ்வீப் என்பது அடித்தொண்டையில் தொடங்கி உச்சத்துக்கு ஏறும் ஒரு ஊளை. நாலாவது தடவை அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா, நாய்க்கு வயித்து வலியா?" என்றாள். அதோடு குக்கர் விசில், சீலிங் ஃபேன், கீழே தண்ணி லாரி. கிராஃபின் அடிப்பகுதி முழுக்கக் கிறுக்கல். ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் அணைத்துவிட்டு இரவு பதினொன்றரைக்கு மறுபடி எடுத்ததுதான் உருப்படியான அளவு. இது மூன்று வழிக்கும் பொருந்தும். ஆடிஸியும் டிராக்கும் சத்தத்தைக் கண்டு எச்சரிக்கும், ஆனால் ஃபேனை நீங்கள்தான் அணைக்க வேண்டும்.

கிராஃப் சொன்ன கதை இதுதான். சோபாவின் மூன்று இருக்கைக்கும் 36 ஹெர்ட்ஸில் ஒரு மலை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் நீளவாக்கு முழக்கத்தின் உச்சியில்தான் தலை இருக்கும். 48 ஹெர்ட்ஸில் நடு இருக்கையில் ஒரு குழி. இரு ஓரத்திலும் அங்கே மேடு. அகலவாக்கு முழக்கம் ஹாலின் நட்ட நடுவில் செத்துவிடும், சுவருக்குப் போகப் போக ஏறும். மூலையில் இருந்த சப் அதை முழு வீச்சில் கிளப்பிக்கொண்டிருந்தது.

மூன்று வழிகளும் இங்கேதான் ஒரே சுவரில் முட்டுகின்றன. சப்புக்குப் போடும் திருத்தம் ஒன்று, இருக்கைகளோ மூன்று. நடு இருக்கைக் குழியை நிரப்ப 48ஐ ஏற்றினால் ஓரத்தில் உட்காரும் என் தங்கைக்கு அது இடி. ஓரத்துக்காகக் குறைத்தால் நடுவில் ஒன்றுமே இல்லை. எட்டு இடத்தில் அளந்தாலும் பதினேழு இடத்தில் அளந்தாலும், ஒத்துப்போகாத இருக்கைகளுக்கு நடுவே ஒரு சமரசம்தான் கிடைக்கும். தவிர, ஒலியும் எதிரொலியும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் குழியாக இருந்தால் ஏற்றுவதும் வீண். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு வாட் கொட்ட வேண்டும். நேர் ஒலி எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு எதிரொலியும் ஏறி மறுபடி வெட்டும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. மலையை வெட்டுவது வேறு. அங்கே ஈக்யூ போட்டால் அளவும் குறையும், இழுத்துக்கொண்டே போகும் முழக்கமும் சேர்ந்து குறையும்.

அதனால் ஃபில்டர் பக்கமே போகாமல் சப்பை நகர்த்தினேன். டி.வி.க்குக் கீழே, 12 அடிச் சுவரின் நடுவில். அங்கிருந்து அது அகலவாக்கு முழக்கத்தைக் கிளப்ப முடியாது. 48இல் மூன்று இருக்கைக் கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிட்டன. சோபாவைப் பின்சுவரிலிருந்து மூன்றரை அடி முன்னே இழுத்தேன். 36இன் மலை தணிந்தது, அதன் இரட்டிப்பான 72உம் அடங்கியது. நீளத்தில் கால் பங்கு, அதாவது 4 அடியில், அந்த 72 இல்லாமலே போகும். வீட்டில் எடுபட்டது மூன்றரை அடிதான், மிச்ச அரை அடிக்குப் பேச்சுவார்த்தை முறிந்தது.

இதற்கு ஆன செலவு மைக் மட்டும்.

இந்த நிலையில் மூன்றையும் மறுபடி ஓட்டியபோதுதான் நியாயமான போட்டி. ஆர்.இ.டபிள்யூ.வில் ஒரு சங்கடம்: அது அளக்கும், ஃபில்டர் கணக்கும் கொடுக்கும், அதைப் போட ஒரு இடம் வேண்டும். டெனானுக்குள் நேரே ஏற்ற முடியாது என்பதால் ரிசீவருக்கும் சப்புக்கும் நடுவே மினிடி.எஸ்.பி. 2x4 எச்.டி. பெட்டி ஒன்றை வைத்தேன். வெளியே போகும் ஒவ்வொரு வழிக்கும் பத்து ஃபில்டர். எனக்கு மூன்றே போதுமானதாக இருந்தது. ஆனால் இது சப்பை மட்டும் திருத்தும். சப்பிடமிருந்து ஸ்பீக்கர்களுக்கு ஒலி கைமாறும் 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவருக்கு மேலே, 200 வரை, முன் ஸ்பீக்கர்களிலும் அறையின் கை இருக்கிறதே, அதைத் தொடாது. மைக் வைப்பதிலிருந்து ஃபில்டரைச் சரிபார்ப்பது வரை எனக்கு இரண்டு இரவு ஓடியது. ரசித்துச் செய்பவருக்கு அது விளையாட்டு, மற்றவருக்குத் தண்டனை.

ஆடிஸி, 250 ஹெர்ட்ஸ் வரம்போடு, அந்த 80 முதல் 200 வரையான இடத்தையும் பிடித்துக்கொண்டது. சப் பகுதியில் நான் கையால் போட்டதற்கும் அதற்கும் காதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டிராக்கில் சப்புக்கும் முன் ஸ்பீக்கருக்கும் கைமாறும் இடம் இன்னும் இறுக்கம். தவில் அடி விழுந்த இடத்தில் விழுந்து, உடனே அடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு மூன்றில் எது என்று சொல்லச் சொன்னால் டிராக்கை மட்டும் பாதித் தடவை கண்டுபிடிப்பேன். சப் மூலையில் இருந்த காலத்து ஒலியை அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிப்பேன்.

மேல் அலைவரிசைகளைப் பற்றிச் சுருக்கமாக: நல்ல ஸ்பீக்கர் என்றால் தொடாதீர்கள். மைக்குக்கு நேர் ஒலியும் டைல்ஸில் பட்டு வருவதும் ஒரே கோடுதான். காது இரண்டையும் பிரித்துக் கேட்கும். 2009இல் ஹர்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழு, எது எது என்று சொல்லாமல் ஆட்களை உட்கார வைத்து ரூம் கரெக்‌ஷன்களை ஒப்பிட்டபோது, ஒன்று ஈக்யூவே இல்லாததைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியது. ஹர்மனின் சொந்தச் சரக்கும் அந்தப் போட்டியில் இருந்தது, அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். கை தட்டினால் ஹாலில் "ட்ரிர்ர்" என்று கேட்டால், சோபாவுக்கு முன்னால் தடித்த கம்பளமும் ஜன்னலுக்குக் கனத்த திரையும் எந்த ஃபில்டரைவிடவும் மேல். முட்டை அட்டை ஒட்டாதீர்கள், கரப்பான்தான் வரும். ஒலியை உறிஞ்சும் ராக்வுல் நாலு அங்குலப் பலகை குரலைத் தெளிவாக்கும். 36 ஹெர்ட்ஸின் அலை 32 அடி நீளம், அதன் முன் நாலு அங்குலம் எம்மாத்திரம்?

அபார்ட்மென்ட்வாசிகள் கவனிக்க வேண்டிய ஒன்று. இரவு பத்து மணிக்கு மேல் சத்தத்தைக் குறைத்துப் படம் பார்க்கும்போது பேஸ் காதுக்குத் தானாகவே மெலியும். ஆடிஸியின் டைனமிக் ஈக்யூ அதை ஈடுகட்டும். டெனானில் டிராக்குக்கு மாறினால் அந்த வசதி போய்விடும். டிராக்கில் ராத்திரிக்கென்று பேஸ் ஏற்றிய வளைவு ஒன்றைத் தனி ஸ்லாட்டில் வைத்துச் சமாளிக்கலாம். நான் பார்ப்பதில் முக்கால்வாசி ராத்திரிதான். லைசென்ஸ் வாங்கியும் இப்போது ஹாலில் ஓடுவது 20 டாலர் ஆடிஸி என்பதற்கு அதுவே காரணம்.

இரண்டு சப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் பேச்சு மாறும். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டையும் வைத்து, டிராக்கில் பேஸ் கன்ட்ரோலோடு போங்கள். அல்லது மினிடி.எஸ்.பி.யில் ஒவ்வொன்றின் தாமதத்தையும் அளவையும் தனித்தனியாக ஒழுங்கு செய்யுங்கள். இருக்கைகளை ஒரே மாதிரி ஆக்குவதுதான் அங்கே வேலை, ஆடிஸிக்கு அது அவ்வளவாக வராது.

சோபா கால் இருக்கும் இடத்தில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். பெருக்க வரும் அக்கா தினமும் இரண்டு அங்குலம் முன்னே பின்னே தள்ளிவிடுகிறார். 36 ஹெர்ட்ஸுக்கு இரண்டு அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. தீபாவளிக்கு ஒட்டடை அடித்தபோது ஒரு அடி பின்னே போய்விட்டது; அன்றைக்கு ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடி மைக்கை எடுத்தேன்.