86-க்கு ஏர் இன்டேக் மாற்றலாமா? ஓட்டிப் பார்த்தவனின் அனுபவம்

வேலையிடத்தில் எனக்கு இளைய தம்பி ஒருவர் பழைய டொயோட்டா 86 ஒன்றை எடுத்திருக்கிறார். மேனுவல் கியர், சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கவேண்டிய உரிமம்) புதுப்பித்த வண்டி, என்னுடையதைப் போலவே. சாவி கைக்கு வந்த வாரமே, "அண்ணே, இன்டேக் மாத்தினா பவர் ஏறுமா? இப்ப விலையும் இறங்கியிருக்கு" என்று கேட்டார். இன்டேக் என்றால் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயும் ஃபில்டரும். அவர் காட்டியது என் காரில் பல வருடமாக இருக்கும் அதே செட். நான் கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது. அது போகட்டும். அவரிடம் வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன், 86 வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

பவர் ஏறாது. ஏறினாலும் சீட்டில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியாது. இந்த கார் 2 லிட்டரில், டர்போ இல்லாமல், 200 குதிரைத்திறன் எடுக்கிறது. கம்பெனிக்காரன் காற்றுக்குழாயின் வாயை ரேடியேட்டருக்கு மேலே, மூக்குப் பக்கமாக வைத்து வெளிக்காற்றையே இழுக்கிறான். அதாவது, கடையில் 'கோல்ட் ஏர்' (குளிர்ந்த காற்று) என்று விற்பதில் பாதி ஏற்கெனவே உங்கள் காரில் இருக்கிறது. பெரிய ஃபில்டர், அகலக் குழாய் என்பதெல்லாம் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றைத் தாண்டிக் காற்றுக்குப் பறக்கும்போதுதான் ஏதோ கொடுக்கும். சிங்கப்பூரில் அங்கே எத்தனை நொடி இருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 3,500-லிருந்து 4,500 வரை இந்த எஞ்சின் சோர்ந்து போகுமே, எல்லோரும் திட்டுகிற அந்த இடம், அது இன்டேக் போட்ட பிறகும் அப்படியேதான் இருக்கிறது. கடைக்காரர் காட்டும் டைனோ (காரின் சக்தியை அளக்கும் கருவி) வரைபடத்தை நம்பி வாங்காதீர்கள். பல இடங்களில் பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் ராட்சத விசிறியை ஓடவிட்டு எடுப்பது அது. நம் கார் அப்படியா ஓடுகிறது?

என்னை விடாமல் எரிச்சல்படுத்துவது சூடு. காரின் கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் சின்ன புளூடூத் கருவி ஒன்றைச் செருகி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவது என் பழக்கம். வெளியே 32 டிகிரி என்றால், கார் ஓடிக்கொண்டிருக்கும்போது 38, 39 காட்டும், குறை சொல்ல ஒன்றுமில்லை. மாலையில் மத்திய விரைவுச்சாலையில் பிராடல் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டால் எண் ஏற ஆரம்பிக்கும். 45, 50, 55. அங் மோ கியோ வருவதற்குள் 60-ஐத் தொட்டிருக்கும். பழைய பிளாஸ்டிக் பெட்டி இருந்தபோது அதே நெரிசலில் இவ்வளவு பார்த்ததில்லை. மூடிய பெட்டி எஞ்சின் அறையின் அனலை உள்ளே விடாது, பிளாஸ்டிக்கும் சீக்கிரம் சுடாது. புதிய செட்டில் இருப்பது பளபளக்கும் அலுமினியக் குழாய், திறந்த ஃபில்டர், ஒரு பக்கம் மறைக்கும் தகடு. அந்தத் தகட்டின் ரப்பர் ஓரம் நாளடைவில் சுருங்கிவிட்டது. பானெட்டை மூடினால் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது, அனல் அது வழியாகத்தான் வருகிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் கோபம் வரும். காற்று 40 டிகிரியிலிருந்து 60-க்குப் போனால் அதன் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறையும். எஞ்சினுக்குப் போகும் ஆக்சிஜனும் அந்த அளவு குறையும். 200-இல் 6 சதவீதம் என்றால் 12 குதிரைத்திறன். இன்டேக் கொடுப்பதாகச் சொல்லும் ஆதாயமெல்லாம் அதிலேயே போயிற்று. கலவையை எவ்வளவு அழுத்துகிறது என்று சொல்லும் கம்ப்ரஷன் விகிதமும் இந்த எஞ்சினில் 12.5, அது அதிகம். சூட்டுக் காற்று வந்தால் நாக் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வராமலிருக்க, எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியு தானாகவே இக்னிஷனைத் தாமதப்படுத்திவிடும். நெரிசல் விட்டு விரைவுச்சாலையிலிருந்து இறங்கி, முதல் பச்சை விளக்கில் கிளட்சை விடும்போது கார் மந்தமாக இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓடிக் காற்று வாங்கிய பிறகுதான் சரியாகிறது.

அப்புறம் பராமரிப்பு. என்னுடையது எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டர். காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் கழுவக் கொடுத்தேன். எண்ணெயை அள்ளிப் பூசி மாட்டித் தந்தார்கள். சில நாளில் கார் நிற்கும்போது எஞ்சின் சுற்று ஏறி இறங்கியது, எஞ்சின் விளக்கு எரிந்தது, கோளாறுக் குறியீடு பி0171, கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். எண்ணெய் பறந்து போய்க் காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்திருந்தது. கம்பி குறைத்து அளந்தால் ஈசியு குறைத்துத்தான் பெட்ரோல் ஊற்றும். அந்தப் பட்டறையோ சென்சாரையே மாற்றச் சொன்னது! அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை அடித்து, கையோ துணியோ படாமல் காயவைத்தேன், விளக்கு அணைந்து இன்றுவரை பிரச்சினை இல்லை. இத்தனைக்குப் பிறகும் சென்சாரை மாற்றச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தச் சத்தத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கம்பெனியே இந்தக் காரில் இன்டேக் சத்தத்தை உள்ளே கொண்டுவரத் தனிக் குழாய் வைத்திருக்கிறது, ஆனால் அது அடக்கமாகத்தான் இருக்கும். இது வேறு. விடிகாலையில் விரைவுச்சாலைக்குள் ஏறும்போது, ஜன்னலை இறக்கி, இரண்டாம் கியரில் 4,500-ஐத் தாண்டினால் வலது கால் இருக்கும் பக்கத்திலிருந்து ஆழமான ஓர் உறுமல் கிளம்பும். பெடலை ஒரு மில்லிமீட்டர் அழுத்தினால் சத்தமும் அந்த அளவு மாறும். எக்ஸாஸ்ட் சத்தம் தெருவில் இருப்பவர்களுக்கு, இது ஓட்டுகிறவனுக்கு மட்டும். வேகமே போகவேண்டியதில்லை, வரம்புக்குள் போனாலே போதும். மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போய்வந்த நண்பர்களிடம் அதிக சக்தியுள்ள கார்கள் இருக்கின்றன, அவற்றில் ஏறி உட்கார்ந்தபோதும் எனக்கு இந்தச் சுகம் கிடைக்கவில்லை.

தம்பிக்கு இன்னும் சில விஷயங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்கு அபராதமோ சிறையோ கிடைக்கலாம், பத்து வயது தாண்டிய காரை வருடா வருடம் சோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். கம்பெனிப் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். ஃபில்டரை பம்பருக்குக் கீழே கொண்டுபோய் வைக்கும் செட் எதுவும் வேண்டாம். இங்கே கொட்டுகிற மழையில் சாலையில் தண்ணீர் நின்று, அதை எஞ்சின் உறிஞ்சினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது.

ஆகவே விலை இறங்கியிருந்தாலும் வாங்காதீர்கள். கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே நல்ல பேனல் ஃபில்டர் (தட்டையான ஃபில்டர்) ஒன்றை, எண்ணெய் இல்லாத வகையாகப் பார்த்துப் போடுங்கள், மீதிப் பணத்தில் டயர் மாற்றுங்கள். சனிக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுவந்தால் நானே போட்டுத் தருகிறேன், கிளிப் இரண்டைக் கழற்றி மாட்டுகிற வேலைதான். என் காரில் இருப்பதை மட்டும் நான் கழற்றப் போவதில்லை. தகட்டுக்குப் புது ரப்பர் வாங்கி வைத்திருக்கிறேன், அன்றைக்கே அதையும் ஒட்டிவிடலாம்.