வான் வண்டியில் இரவு தங்க: மட்டக்களப்பு வாவிக்கரையா, இங்கினியாகலையா?

சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வாவிக்கரைதான் வசதி. பாலமீன்மடு, கல்லடிப் பக்கம் கடையும் மெக்கானிக்கும் கிட்ட. ஆனால் வாவி கடலோடு கலப்பதால் நீர் உவர்ப்பு, சமைக்க ஆகாது. நால்வருக்கு இரண்டு நாளைக்கு 40 லீற்றர் நல்ல தண்ணீர் கட்டாயம். முதலை உண்டு, கரையில் பாத்திரம் கழுவ வேண்டாம். மணலில் டயர் புதைந்தால் அக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் தோண்டும். காற்றைக் கொஞ்சம் இறக்கி, முன்னால் பலகை போட்டு மெதுவாக எடுங்கள். நுளம்பு வலை இல்லாவிட்டால் நித்திரை இல்லை.

அம்பாறை இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம் நன்னீர், காட்சியும் ஒரு படி மேல்: தீவுக்குத் தீவு யானை நீந்துவதைப் படகிலிருந்து பார்க்கலாம். தொல்லையும் அதே யானைதான். வாழைப்பழம், உப்பு, அரிசி வாசனைக்கு வானின் கதவையே பிய்க்கும். ஆகவே திறந்த கரையில் இரவு நிறுத்தாமல், விடுதி வளவுக்குள் கேட்டு நிறுத்துங்கள். அதைச் சுற்றியுள்ள கல்லோயா தேசிய பூங்காவுக்குள் தங்க வனசீவராசிகள் திணைக்கள அனுமதி தேவை.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி, இரண்டும் சரிவராது. ஏப்ரல் முதல் ஜூலைக்குள் என்றால், பிள்ளைகள் வளர்ந்திருந்தால், இங்கினியாகலை.