முயல் தீவனத்தைக் கினிப் பன்றித் தீவனம் என்று விற்றுவிட்டார்கள்: பெல்லட் வாங்குவோர் கவனத்திற்கு

எங்கள் வீட்டில் முத்து, மிளகு என்று இரண்டு கினிப் பன்றிகள் ('கினி பிக்' எனப்படும் சிறு கொறிவிலங்குகள்) வளர்கின்றன. சென்ற கோடையில், சென்னையில் உள்ள செல்லப்பிராணிக் கடை ஒன்றில், 'கினி பிக் ஸ்பெஷல், வைட்டமின் சி சேர்த்தது' என்று ஒட்டுத்தாள் ஒட்டிய பெல்லட் தீவனத்தை, அதாவது அழுத்திச் செய்த சிறு துண்டுகளை, கிலோ 380 ரூபாய்க்கு வாங்கினேன். ஒட்டுத்தாளில் அந்த மாதத் தேதியே இருந்ததால் புதிய சரக்கு என்று நம்பி, இரண்டு மாதங்களுக்கும் மேலாக அதையே கொடுத்துவந்தேன்.

முதலில் மிளகு ஓடியாடுவதை நிறுத்தியது. வெயிலின் சோர்வு என்று நினைத்தோம். பிறகு பின்னங்கால் மூட்டுகள் வீங்கின. தூக்கினால் வலியில் கீச்சிட்டது. புல்லை வாயில் வைத்துவிட்டு மெல்லாமல் கீழே போட்டது. 820 கிராம் இருந்த எடை சமையலறைத் தராசில் 690 கிராம் காட்டிய அன்றுதான் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் ஈறுகளையும் மூட்டுகளையும் பார்த்துவிட்டு, "என்ன தீவனம் கொடுக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். வந்திருந்தது ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைபாட்டு நோய்.

மனிதரைப் போலவே கினிப் பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது; முயலின் உடல் உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே முயல் தீவனத்தில் அதைச் சேர்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. தானியத்தை மட்டும் தின்ற கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி வருவதை நார்வே நாட்டு ஆய்வாளர்கள் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் 1907-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். குடைமிளகாய், கொத்தமல்லித்தழை போன்றவற்றை நான் நாள்தோறும் கொடுத்திருந்தால் பாதிப்பு இவ்வளவு தூரம் போயிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்; 'வைட்டமின் சி சேர்த்தது' என்ற வரியை நம்பித்தான் அதில் அலட்சியமாக இருந்தேன்.

மறுநாள் பிற்பகல் கடைக்குப் போனபோது, முயல் படம் அச்சிட்ட பெரிய மூட்டையிலிருந்து ஒரு பையன் சிறு பைகளில் தீவனத்தை அள்ளிப் போட்டு, அதே ஒட்டுத்தாளை ஒட்டிக்கொண்டிருந்தான். கடைக்காரரிடம் கேட்டேன். "முயலும் கினி பிக்கும் ஒண்ணுதான் சார், எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். நான் நம்பிய தேதி, பையில் அடைத்த தேதியே தவிர ஆலையில் தயாரித்த தேதி அன்று. பிரித்த பையைத் திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மருத்துவச் செலவைப் பற்றிப் பேசவே விடவில்லை.

தயாரித்த தேதிதான் இதில் முக்கியமானது. உண்மையாகவே வைட்டமின் சி சேர்த்த பெல்லட்டாக இருந்தாலும், வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் அந்த வைட்டமின் சிதைந்துபோகும். தயாரித்து மூன்று மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதே பொதுவான கணக்கு. சென்னை வெயிலில் கடை வாசலில் தொங்கும் பைக்கு அந்த மூன்று மாதங்களும் தாங்குமா என்பது ஐயமே. எனவே தயாரிப்பாளரின் மூடிய பையில், தயாரிப்புத் தேதியும் உட்பொருள் பட்டியலும் அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். சில்லறையாக அள்ளிக் கட்டியது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பட்டியலின் தொடக்கத்திலேயே திமோத்தி என்னும் தீவனப் புல் இருந்தால், வளர்ந்த விலங்குக்கு அது ஏற்றது. குதிரை மசால் (அல்ஃபால்ஃபா என்னும் தீவனப் பயிர்) கொண்டு செய்த பெல்லட்டில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் பொருந்தும். மற்றவற்றுக்குச் சிறுநீர்ப்பையில் கல் உருவாக இடம்கொடுக்கும். சூரியகாந்தி விதையும் வண்ண உருண்டைகளும் கலந்த பொட்டலம் பார்வைக்கு மட்டும் அழகு. எதை வாங்கினாலும் ஒரு விலங்குக்கு ஒரு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டியதில்லை. வயிற்றை நிரப்ப வேண்டியது உலர்புல்தான்.

மருத்துவர் கொடுத்த வைட்டமின் சி மருந்தை ஊசியில்லாப் பீச்சுகுழலால் நாள்தோறும் வாயில் புகட்டியதில், இரண்டாம் வாரம் மிளகு எழுந்து நடக்கத் தொடங்கியது. எடை இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். போன வாரம் அந்தக் கடையைக் கடந்து சென்றபோது, அதே பைகள் வாசலில் தொங்கின. விலை இப்போது 400 ரூபாய்.