வளர்ப்பதா, வரவழைப்பதா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் இரு வழிகள்

பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அணியைக் கட்ட இரு வழிகள் உண்டு. பள்ளி மாணவனைத் தேடிப் பிடித்து மூன்று, நான்கு ஆண்டுகள் வளர்ப்பது ஒரு வழி. வேறு கல்லூரியில் ஆடித் தேறியவனை வரவழைப்பது இன்னொரு வழி.

முதல் வழிக்கு ஜார்ஜியா பல்கலைக்கழக அணியே சான்று. அதன் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் பெரும்பாலும் பள்ளிகளிலிருந்து ஆள் திரட்டி, 2021, 2022 பருவங்களில் அடுத்தடுத்துத் தேசிய சாம்பியன் பட்டம் வென்றார். இரண்டாவது இறுதியாட்டத்தில் எதிரணியான டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 65-7 என்று நொறுங்கியது. ஆனால் இதற்குப் பொறுமையும் பெயரும் வேண்டும்.

இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு அந்த வசதி ஏது? 2023இல் அந்த அணி 3 வெற்றி, 9 தோல்வி. புதிய பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி தாம் முன்பு பயிற்றுவித்த கல்லூரியின் வீரர்கள் பலரையும், ஒஹாயோ பல்கலைக்கழகத்திலிருந்து குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) கர்ட்டிஸ் ரூர்க்கையும் சேர்த்தார். மறு ஆண்டே 11 வெற்றி. பள்ளி மாணவர்களை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது.

ஆள் மாற்றினால் போதும் என்பதும் சரியல்ல. 2023இல் கொலராடோ ஏறக்குறைய அணி முழுவதையும் மாற்றியது. முதல் மூன்று ஆட்டங்களை வென்றும் 4-8 என்றே முடித்தது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை ஓட்டையாக இருந்தது. அதை ஒரே கோடையில் அடைக்க முடியாது.

கல்லூரி அணிகளின் இரு பெரிய கூட்டமைப்புகள் பிக் டென்னும் எஸ்இசியும். பிக் டென் அணிகள் வீரர்களை விலைக்கு வாங்கி வென்றன என்று எஸ்இசி ரசிகர்கள் குமுறுவதை நான் ஏற்கமாட்டேன். இரு வழிகளும் சேர்ந்தே வெற்றி தந்தன. 2024 பருவ இறுதியாட்டத்தில் பிக் டென் அணியான ஒஹாயோ ஸ்டேட், நோட்டர் டேம் அணிக்கு எதிராக 31-23 என்று முன்னிலை. பந்தைத் தக்கவைக்க நான்கு முயற்சிகளில் குறித்த தூரம் முன்னேற வேண்டும்; அது மூன்றாவது முயற்சி, தேவை 11 கஜம். கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்த வில் ஹவர்ட் எறிந்தார். பள்ளியிலிருந்து நேரே வந்த முதலாண்டு மாணவர் ஜெரமையா ஸ்மித் பிடித்து, 56 கஜம் கடத்தினார். நோட்டர் டேமின் கதை அத்துடன் முடிந்தது.