டெர்மினேட்டர் கவசமா, பவர் ஆர்மரா?

கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடி அறையில், சில்வர் ஓக் மரங்களும் படிப்படியான தேயிலைச் சரிவும் வைத்து நாங்களே செய்த மேசைக் களத்தில், சனிக்கிழமை மாலைகளில் நால்வர் கூடி, சிற்றுருவப் படைகளையும் பகடைகளையும் வைத்து ஆடும் வார்ஹேமர் 40,000 என்ற போர் விளையாட்டை ஆடி வருகிறோம். என் ஸ்பேஸ் மரைன் (விண்வெளிப் போர்வீரர்) படையை விரிவாக்க வேண்டிய நேரம் வந்தபோது, பவர் ஆர்மர் அணிந்த இன்டர்செஸர் வீரர்களைப் பெருக்குவதா, டெர்மினேட்டர் கவசம் அணிந்த ஐவரைச் சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தது. நான் டெர்மினேட்டரைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எல்லாரும் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023-இல் வந்த விதிகளின் பத்தாம் பதிப்பின்படி, இன்டர்செஸர் ஒரு முறைக்கு 6 அங்குலம் நகர்வார். டெர்மினேட்டர் 5 அங்குலம்தான். டெர்மினேட்டரின் விலை, அதாவது படையில் ஒருவரைச் சேர்க்கச் செலவாகும் பாயிண்ட், இன்டர்செஸருடையதைவிட இருமடங்கைச் சற்றே தாண்டும். ஆனால் அவர் டீப் ஸ்டிரைக் முறையில், எதிரியிடமிருந்து 9 அங்குலத்துக்கு அப்பால் எங்கு வேண்டுமானாலும் வந்திறங்கலாம் என்பதால் மெதுவான நடை பெரிய குறையாகத் தெரிவதில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒன்றே ஒன்று: கவசத்தைத் துளைக்கும் ஆயுதத்துக்கு முன்னால் சேவ், அதாவது பட்ட அடியிலிருந்து கவசத்தால் தப்பும் வாய்ப்பு, என்ன ஆகிறது என்பது. பவர் ஆர்மரின் சேவ் 3+. அதாவது பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் வீரர் தப்புவார். ஆயுதத்தின் துளைக்கும் திறன் கூடக்கூட இந்த எண் தேய்ந்துகொண்டே போகும். டெர்மினேட்டரின் 2+ சேவும் அப்படித் தேயும்; ஆனால் 4+ என்ற இன்வல்னரபிள் சேவ் அவருக்கு அடித்தளமாக இருக்கிறது, எந்த ஆயுதத்தின் துளைக்கும் திறனும் அதைத் தொட முடியாது.

போல்ட் ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். அதன் வலிமை 4, துளைக்கும் திறன் 1. இரண்டு உயிர்ப்புள்ளிகளும் டஃப்னஸ் (உடல் உறுதி) 4-உம் கொண்ட ஓர் இன்டர்செஸரை வீழ்த்த, சராசரியாக 8 குண்டுகள் அவர்மீது பட வேண்டும். மூன்று உயிர்ப்புள்ளிகளும் டஃப்னஸ் 5-உம் கொண்ட டெர்மினேட்டருக்கு 27 குண்டுகள் தேவை. மிகைச்சூட்டில் சுடும் பிளாஸ்மா துப்பாக்கியின் வலிமை 8, துளைக்கும் திறன் 3, சேதம் (ஒரு சூடு பறிக்கும் உயிர்ப்புள்ளிகள்) 2. அதற்கு முன் இன்டர்செஸரின் சேவ் 6+ ஆகச் சுருங்கிவிடுகிறது. அவர் சராசரியாக ஒன்றரைக்கும் குறைவான சூடுகளிலேயே சாய்வார். டெர்மினேட்டரோ 4+ சேவுடன் நிமிர்ந்து நிற்பார். அவரைச் சாய்க்க 6 சூடுகள் பட வேண்டும். இருமடங்கு விலைக்குச் சாதாரணத் துப்பாக்கியிடம் மும்மடங்கும், பிளாஸ்மாவிடம் நான்கு மடங்கும் தாங்குதிறன் கிடைக்கிறது என்ற இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்றே என் மனம் முடிவு செய்துவிட்டது.

விதியும் கதையும் இங்கே கைகோத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிளாஸ்மா உலைகளின் உட்புறம் போன்ற, உயிர் தங்காத இடங்களில் வேலை செய்வதற்கான காப்புடையிலிருந்து பிறந்ததே டெர்மினேட்டர் கவசம் என்பது இந்த விளையாட்டின் கற்பனை உலகில் சொல்லப்படும் வரலாறு. ஆகவே அது பிளாஸ்மாவைத் தாங்குவதில் வியப்பில்லை. 1998-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அதற்கு வெறும் 2+ சேவ்தான் இருந்தது. இன்வல்னரபிள் சேவ் பிற்பாடுதான், முதலில் 5+ என்ற அளவில், வந்தது. இடத்தோளில் உள்ள கிரக்ஸ் டெர்மினேட்டஸ் என்ற சிலுவைச் சின்னத்துக்குள் அந்த உலகில் மனிதகுலத்தின் பேரரசர் அணிந்த கவசத்தின் துணுக்கு பொதிந்திருக்கிறது என்று கதை சொல்வதை நினைத்துக்கொண்டு அந்தச் சேவுக்காக உருட்டும்போது, பகடைக்கும் ஒரு கனம் வந்துவிடுகிறது.

பவர் ஆர்மரின் கதை எளியது என்று சொல்ல மாட்டேன். தோலுக்கு அடியில் பதிக்கப்படும் பிளாக் கேரபேஸ் வழியாக, அது வீரரின் உடலோடு நேரடியாக இணைந்து, இன்னொரு தோல்போல அசைகிறது; மார்க் 1 முதல் மார்க் 10 வரை நீளும் அதன் மரபில் அலகு போன்ற முகமூடி கொண்ட மார்க் 6-ஐப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் மேசையில் அந்த நெருக்கத்தைக் காட்டும் விதி எதுவும் இல்லை.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. மூடுபனி இறங்கியிருக்கும்போது உருவங்களுக்கு வண்ணம் தீட்டுமுன் ஸ்பிரே பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தால் பூச்சு வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும். வெயில் காயும் நாளுக்காகக் காத்திருந்துதான் அடிக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் சில நாட்களில் பத்து உருவங்களை முடிப்பதைவிட ஐந்தை முடிப்பது எளிது.

என் அனுபவம் ஒரு மேசையோடும் மூன்று எதிராளிகளோடும் நின்றுவிடுவது. போட்டிகளில் லாஸ்கேனன் என்ற லேசர் பீரங்கி நிறைந்த படைகளைச் சந்திப்போருக்கு இந்தக் கணக்கு இவ்வளவு சாதகமாக அமையாது, ஏனெனில் சேதம் 3-ஐ எட்டும் ஆயுதம் டெர்மினேட்டரையும் ஒரே சூட்டில் வீழ்த்தும்.

“சித்தப்பா, இடத்தைப் பிடிப்பது யார்?” என்று அண்ணன் மகன் கேட்டது சரியான கேள்வி. இலக்கைக் கைப்பற்றும் கணக்கில் இன்டர்செஸர் ஒருவருக்கு 2, டெர்மினேட்டருக்கு 1 மட்டுமே. ஆகவே ஐந்து இன்டர்செஸர்களை என் பக்கத்து இலக்கில் நிறுத்திவிட்டு, களத்தின் நடுவிலுள்ள தேயிலைச் சரிவில் டெர்மினேட்டர்களை இறக்குகிறேன்.